கள்ளக் காசை வேட்டையாடிய நியூட்டன்

மரத்திலிருந்து ஆப்பிள் பழம் விழுவதைக் கண்டு பூமியின் ஈர்ப்புச் சக்தியைப் பற்றிச் சிந்தித்தவர் சர் ஐசக் நியூட்டன். இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை.

அந்த மேதையின் வாழ்க்கையில் இன்னொரு கதையும் உண்டு. வானத்துக் கிரகங்களின் பாதையைக் கணக்கிட்ட அந்த மனிதர், ஒரு காலத்தில் லண்டன் நகரத்து மதுக்கடைகளுக்கும் சிறைக்கூடங்களுக்கும் அலைந்தார். கள்ளக் காசு அடிப்பவர்களைத் தேடித் தேடிப் பிடித்தார். அவர்களில் ஒருவன் மகா கெட்டிக்காரன். அவன் நியூட்டனின் பதவிக்கே வெடி வைக்கப் பார்த்தான். முடிவில் அவன் தூக்குமேடை ஏறினான்.

அந்தக் கதைதான் இது.

செம்புக்குள் அடங்கும் குழந்தை

இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் என்ற பகுதி இருக்கிறது. அங்கே உல்ஸ்தோர்ப் என்பது ஒரு சிறு கிராமம். அந்நாட்டில் அப்போது வழங்கிய பஞ்சாங்கப்படி, 1642-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று அங்கே ஒரு பண்ணை வீட்டில் நியூட்டன் பிறந்தார்.

குறை மாதக் குழந்தை. ஒரு செம்புக்குள் அடங்கிவிடும் அளவுக்குச் சிறியது. பிழைக்காது என்றே எல்லோரும் நினைத்தார்கள். தகப்பனார் மூன்று மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டார். அவர் கொஞ்சம் நிலம் உடையவர். ஆனால் தம் பெயரைக் கையெழுத்துப் போடவும் அவருக்குத் தெரியாது.

குழந்தைக்கு மூன்று வயதானபோது தாய் மறுமணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். பாட்டி வளர்த்தாள். தனிமையில் வளர்ந்த பையன், தானே பொம்மைக் காற்றாலைகளும் சூரியக் கடிகாரங்களும் செய்து விளையாடினான்.

பதினேழு வயதில் அவனைப் பண்ணை வேலைக்கு அழைத்தாள் தாய். அவன் கையில் புத்தகம் இருக்கும். ஆடுமாடுகள் அடுத்தவர் வயலில் மேயும். இவன் விவசாயத்துக்கு லாயக்கில்லை என்று தெரிந்து, மாமாவும் பள்ளித் தலைமை ஆசிரியரும் தாயிடம் சொல்லி மறுபடியும் படிக்க வைத்தார்கள்.

1661-ல் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தார் நியூட்டன். பணக்கார மாணவர்களுக்கு ஏவல் வேலை செய்து படிக்கும் ஏழை மாணவர்களில் ஒருவராகத்தான் அவர் சேர்ந்தார். எட்டே ஆண்டுகளில் அதே இடத்தில் கணிதப் பேராசிரியர் ஆனார். 1687-ல் அவர் வெளியிட்ட நூல் உலகத்தின் விஞ்ஞான அறிவையே மாற்றியது.

அந்த நாட்களில் அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. தம் அறைக்கு அருகில் உலை மூட்டி, உலோகங்களை உருக்கிப் பார்ப்பார். இரவு பகல் பாராமல் எடை போடுவார், குறித்து வைப்பார். ரசவாத ஆசை அது. அந்த உலையில் தங்கம் விளையவில்லை. ஆனால் அங்கே கற்ற தராசு வித்தை பின்னால் ஒரு நாட்டுக்கே பயன்பட்டது.

தேய்ந்த காசும் தேம்பிய ஜனங்களும்

அப்போது இங்கிலாந்துக்கு ஒரு பெரிய நோய் பிடித்திருந்தது. அது பண நோய்.

அந்நாட்டில் அன்றாடம் புழங்கியவை வெள்ளிக் காசுகள். ஒரு காசில் எவ்வளவு வெள்ளி இருக்கிறதோ, அதுதான் அதன் மதிப்பு. பழைய காசுகளைச் சுத்தியலால் தட்டிச் செய்தார்கள். கையால் அடித்த காசு ஒழுங்கான வட்டமாக இராது. ஓரம் கோணலாக இருக்கும்.

இதுதான் திருடர்களுக்கு வசதியாகப் போயிற்று. கத்தரிக்கோலை எடுத்துக் காசின் ஓரத்தில் ஒரு சிறு கீற்றை வெட்டிக்கொள்வார்கள். காசைச் செலவு செய்துவிடுவார்கள். வெட்டிய கீற்றுகளைச் சேர்த்து உருக்கினால் வெள்ளிக் கட்டி கிடைக்கும். அடுத்தவன் கையில் போனதும் அவனும் ஒரு கீற்று வெட்டுவான். இப்படியே காசு தேய்ந்துகொண்டு போகும்.

1695-ம் ஆண்டு வாக்கில் பழைய காசுகளின் எடை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. முகத்தில் ராஜாவின் படம் இருக்கும். உடம்பில் பாதி வெள்ளிதான் இருக்கும்.

1662 முதல் இயந்திரத்தில் அடித்த புதுக் காசுகளும் வெளிவந்திருந்தன. அவை ஒழுங்கான வட்டம். சிறிய காசுகளின் விளிம்பில் வரிவரியாகக் கோடுகள் இருக்கும். பெரிய காசுகளின் விளிம்பில் லத்தீன் எழுத்துகளைப் பொறித்திருந்தார்கள். இது அலங்காரமும் ஆகும், காவலும் ஆகும் என்பது அவற்றின் பொருள். ஓரத்தைத் துளி வெட்டினாலும் எழுத்து கெட்டுவிடும். திருட்டு தெரிந்துவிடும்.

ஆனால் நல்ல காசு கடைவீதியில் தங்கவே இல்லை. முழு எடையுள்ள காசைச் செலவு செய்ய யாருக்கு மனம் வரும்? தேய்ந்த காசைத் தள்ளிவிட்டு நல்லதைப் பெட்டியில் பூட்டினார்கள். அயல்நாட்டில் வெள்ளிக்கு விலை அதிகம். ஆகவே வியாபாரிகள் நல்ல காசை உருக்கிக் கப்பலேற்றினார்கள்.

எஞ்சியது தேய்ந்த காசு. அதோடு கலந்தது கள்ளக் காசு. பிற்பாடு சர்க்கார் திரும்பப் பெற்ற காசுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று கள்ளக் காசு என்று நியூட்டன் மதிப்பிட்டதாகக் கூறுவார்கள்.

இதனால் வதைபட்டவர்கள் ஏழைகள். வாரம் முழுதும் உழைத்தவனுக்குக் கூலியாகத் தேய்ந்த காசு கிடைக்கும். ரொட்டிக் கடைக்காரன் அதை வாங்க மறுப்பான். காசைத் தராசில் போடுவதா, எண்ணிக்கையில் வாங்குவதா என்று சந்தையில் தினந்தோறும் சண்டை. பிரான்ஸ் நாட்டோடு அப்போது யுத்தம் வேறு நடந்துகொண்டிருந்தது. படைகளுக்குச் சம்பளம் கொடுக்கவும் சர்க்கார் திண்டாடியது.

கோட்டைக்குள் வந்த பேராசிரியர்

பழைய காசு முழுவதையும் வாங்கி உருக்கி, புதுக் காசாக அடித்துவிடுவது என்று 1696-ல் முடிவாயிற்று. அதற்கு ஆகும் நஷ்டத்தை ஈடுகட்ட ஒரு விசித்திரமான வரி போட்டார்கள். அது ஜன்னல் வரி. வீட்டில் ஜன்னல்கள் பெருகினால் வரியும் பெருகும். வரிக்குப் பயந்து ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தவர்களும் உண்டு.

அந்த ஆண்டு மார்ச் மாதம், நிதிமந்திரி சார்லஸ் மாண்டேகு தம் பழைய நண்பர் நியூட்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். நாணயச்சாலையின் காவலர் பதவியை ஏற்கும்படி அழைத்தார். சம்பளம் நல்ல சம்பளம், வேலை அதிகம் இராது என்பது அந்த அழைப்பின் சாரம்.

நியூட்டனுக்கு அப்போது வயது 53. சில ஆண்டுகளுக்கு முன்தான் அவர் மனம் தளர்ந்து மிகவும் அவதிப்பட்டிருந்தார். அழைப்பை ஏற்று லண்டனுக்கு வந்தார்.

நாணயச்சாலை லண்டன் கோபுரக் கோட்டைக்குள் இருந்தது. பதவி ஏற்கும்போது ஒரு சத்தியம் செய்ய வேண்டும். காசின் விளிம்பில் கோடும் எழுத்தும் பதிக்கும் இயந்திரத்தின் ரகசியத்தை யாருக்கும் வெளியிடுவதில்லை என்ற சத்தியம் அது. நியூட்டனும் சத்தியம் செய்தார்.

வேலை இராது என்று சொன்ன இடத்தில் மலைபோல வேலை குவிந்து கிடந்தது. 1696 மே மாதத்தில் பழைய காசு செல்லாது என்று ஆகிவிட்டது. புதுக் காசோ போதிய அளவு வரவில்லை. ஜனங்கள் கையில் காசில்லாமல் தவித்தார்கள். சில ஊர்களில் கலகமும் மூண்டது.

நியூட்டன் சும்மா இருக்கவில்லை. உலை எவ்வளவு விறகு தின்கிறது, குதிரை எத்தனை சுற்று சுற்றுகிறது, அச்சு இயந்திரம் நிமிடத்துக்கு எத்தனை தடவை தட்டுகிறது என்று ஒவ்வொன்றையும் கணக்கெடுத்தார். விடியற்காலை 4 மணிக்கு வேலை தொடங்கும். நள்ளிரவு வரை நடக்கும். சுமார் 300 ஆட்கள் வேலை செய்தார்கள். 50 குதிரைகள் இயந்திரங்களை இழுத்தன. ஒவ்வொரு அச்சும் நிமிடத்துக்கு 50 காசுக்கு மேல் அடித்தது.

நார்விச், யார்க், செஸ்டர், பிரிஸ்டல், எக்ஸிட்டர் ஆகிய ஐந்து ஊர்களில் கிளை நாணயச்சாலைகள் திறந்தார்கள். செஸ்டர் கிளைக்கு அதிகாரியாகச் சென்றவர்களில் ஒருவர், வால் நட்சத்திரத்தின் மூலம் புகழ்பெற்ற எட்மண்ட் ஹாலி.

வேலை முடிந்தபோது சுமார் 68 லட்சம் பவுன் மதிப்புள்ள வெள்ளிக் காசுகள் புதிதாக அச்சாகியிருந்தன.

வேண்டாம் என்றும் விடாத வேலை

நாணயச்சாலைக் காவலருக்கு இன்னொரு கடமையும் இருந்தது. கள்ளக் காசு அடிப்பவர்களைக் கண்டுபிடித்து வழக்குத் தொடர வேண்டும். அக்காலத்தில் இன்றைய போலீஸ் இலாகா கிடையாது.

கள்ளக் காசு அடிப்பது ராஜத்துரோகக் குற்றம். பிடிபட்டால் ஆணுக்குத் தூக்கு, பெண்ணுக்குத் தீ. துப்புக் கொடுத்துக் குற்றம் ருசுவானால் 40 பவுன் பரிசு. பணத்துக்கு ஆசைப்பட்டுப் பொய்ச் சாட்சி சொல்பவர்கள் பெருகினார்கள். ஜூரிகள் உண்மைச் சாட்சியையும் நம்பத் தயங்கினார்கள்.

இந்த வேலை தமக்கு வேண்டாம் என்று 1696-ல் சர்க்காருக்கு எழுதிக் கேட்டார் நியூட்டன். சர்க்கார் சம்மதிக்கவில்லை. செய்துதான் ஆக வேண்டும் என்று ஆனதும், அவர் அதை விஞ்ஞானத்தைச் செய்வது போலவே செய்தார்.

லண்டனைச் சுற்றியுள்ள ஜில்லாக்களில் மாஜிஸ்திரேட் அதிகாரத்தையும் பெற்றார். உளவாளிகளைச் சம்பளத்துக்கு வைத்தார். மதுக்கடைக்கும் சிறைச்சாலைக்கும் போய் வந்த செலவை எல்லாம் கணக்கு எழுதினார். 1698 ஜூன் முதல் 1699 முடியும் வரையிலான ஒன்றரை ஆண்டில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவர்களை விசாரித்தார். ஒவ்வொரு வாக்குமூலத்தையும் எழுதி வாங்கி, கையெழுத்துப் போட்டு வைத்தார்.

பொய்க் காசு எப்படிப் பிடிபடும்?

கள்ளக் காசில் பல வகை உண்டு.

முதல் வகை வார்ப்புக் காசு. நல்ல காசை மண்ணில் அழுத்தி அச்சு எடுத்து, மட்டமான உலோகத்தை உருக்கி ஊற்றுவார்கள். இதில் எழுத்துகள் மழுங்கியிருக்கும். மேலே ஊசி குத்தியது போலச் சிறு குழிகள் தெரியும். ஓரத்தில் இரண்டு பாதி அச்சும் சேர்ந்த கோடு ஓடும். கல்லின் மேல் போட்டால் நல்ல வெள்ளி கணீர் என்று ஒலிக்கும். ஈயம் கலந்த காசு தொப்பென்று விழும்.

இரண்டாவது வகை முலாம் காசு. உள்ளே செம்பு, மேலே வெள்ளித் தோல். சில நாள் கை மாறினால் ஓரத்தில் தோல் தேய்ந்து செம்பு பல்லை இளிக்கும்.

மூன்றாவது வகைதான் ஆபத்தானது. கெட்டிக்காரச் சித்திரக்காரன் எஃகில் அச்சு வெட்டி, அதைக் கொண்டு அடித்த காசு. முகத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

ஆனால் எடையும் அளவும் சேர்ந்து காட்டிக்கொடுக்கும். ஒரே அளவுள்ள கட்டிகளாக எடுத்துக்கொண்டால் செம்பு வெள்ளியைவிட இலேசு. தகரம் இன்னும் இலேசு. தங்கமோ ஈயத்தைவிடவும் மிகக் கனமானது. ஆகவே மட்ட உலோகத்தில் செய்த காசு, அளவு சரியாக இருந்தால் எடை குறையும். எடை சரியாக இருந்தால் காசு தடித்துவிடும். முகம் பொய் சொல்லலாம், தராசு பொய் சொல்லாது.

அதற்கும் மேலே சந்தேகம் இருந்தால் புடம் போடுவார்கள். காசில் சிறு துண்டை வெட்டி, ஈயத்தோடு சேர்த்துச் சூளையில் உருக்குவார்கள். மட்ட உலோகம் ஈயத்தோடு போய்விடும். சுத்தமான வெள்ளி மட்டும் மணிபோல நிற்கும். முன்னும் பின்னும் எடை போட்டால் காசின் மாற்று எவ்வளவு என்பது தெரிந்துவிடும். இந்த வித்தை நியூட்டனுக்குப் பழக்கமான வித்தை.

எமகாதகன் சாலனர்

கள்ளக் காசுக்காரர்களில் தலைவன் வில்லியம் சாலனர்.

அவன் ஓர் ஏழை நெசவாளியின் மகன். பர்மிங்ஹாமில் ஆணி அடிக்கும் தொழில் கற்றான். பிறகு கால்நடையாக லண்டனுக்கு வந்தான். தகரக் கடிகாரம் விற்றான். போலி வைத்தியம் பார்த்தான். குறி சொன்னான். திருட்டுப் போன பொருளைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கினான்.

பொருள்களுக்கு மெருகு பூசும் வேலையைக் கற்றதும் அவனுக்கு வழி திறந்தது. மெருகிலிருந்து முலாம், முலாமிலிருந்து கள்ளக் காசு. ஒரு பொற்கொல்லனையும் சித்திர வேலைக்காரன் ஒருவனையும் சேர்த்துக்கொண்டு பிரெஞ்சுப் பொற்காசும் இங்கிலீஷ் கினியும் அடித்தான். பணம் கொட்டியது. கந்தல் உடுத்தியவன் கனவான் உடை உடுத்தினான். நைட்ஸ்பிரிட்ஜில் பெரிய வீடு வாங்கினான்.

1694-ல் இங்கிலாந்து பாங்கி தொடங்கியது. மறு ஆண்டே அதன் 100 பவுன் நோட்டைப் போல அவன் கள்ள நோட்டு அடித்தான். விஷயம் வெளிவந்ததும் என்ன செய்தான் தெரியுமா? மற்ற மோசடிக்காரர்களைக் காட்டிக்கொடுத்து, பாங்கியிடமே 200 பவுன் வெகுமதி வாங்கிவிட்டான்!

அப்புறம் அவன் பார்வை நாணயச்சாலை மேல் விழுந்தது. அங்கே ஊழல் நடக்கிறது, வேலை தெரியாதவர்கள் இருக்கிறார்கள், கள்ளக் காசை ஒழிக்கும் வழி தனக்குத்தான் தெரியும் என்று பார்லிமெண்டில் முறையிட்டான். பார்லிமெண்டுக் கமிட்டியும் 1697-ல் அதை நம்பியது. சாலனர் தன் முறையைச் செய்து காட்டுவதற்குக் கோட்டைக்குள் வசதி செய்து கொடுக்கும்படி உத்தரவு போட்டது.

திருடன் கையில் சாவியைக் கொடுப்பது போன்ற காரியம் இது. விளிம்பு இயந்திரத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும், சாலனர் அதேபோலச் செய்துவிடுவான். நியூட்டன் தாம் செய்த சத்தியத்தைக் காரணம் காட்டி அவனை உள்ளே விட மறுத்துவிட்டார்.

அன்று தொடங்கியது இருவருக்கும் பகை.

வலை விரிந்தது

1697-ல் சாலனரை நியூட்டன் பிடித்து நியூகேட் சிறையில் அடைத்தார். ஆனால் சாலனர் உள்ளே இருந்துகொண்டே காரியம் பார்த்தான். முக்கியமான சாட்சிக்குப் பணம் கொடுத்து ஸ்காட்லாந்துக்கு அனுப்பிவிட்டான். சாட்சி இல்லாமல் வழக்கு விழுந்தது. ஏழு வாரத்தில் வெளியே வந்தான்.

வந்தவன் சும்மா இருந்தானா? நாணயச்சாலை அதிகாரிகள் வேண்டுமென்றே தன்னைப் பழிவாங்கினார்கள் என்று 1698-ல் பார்லிமெண்டுக்கு மனுப் போட்டான். அத்தனை புகழ் வாய்ந்த நியூட்டன், ஒரு கள்ளக் காசுக்காரனின் புகாருக்குப் பதில் சொல்ல நேர்ந்தது.

நியூட்டன் அவசரப்படவில்லை. ஒரே சாட்சியை நம்பியதுதான் முன்பு செய்த தவறு என்று கண்டுகொண்டார். சாலனரோடு பழகியவர்கள், கூட்டாளிகள், கூட்டாளிகளின் மனைவிமார், பழைய வேலைக்காரர்கள் என்று ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து விசாரித்தார். ஒருவன் சொன்னதை இன்னொருவன் சொன்னதோடு ஒப்பிட்டார். காசைச் சோதிப்பது போலவே பேச்சையும் சோதித்தார்.

அந்தச் சமயம் சாலனர் சர்க்கார் லாட்டரிச் சீட்டைப் போலக் கள்ளச் சீட்டு அடித்து மாட்டிக்கொண்டான். மறுபடியும் நியூகேட் சிறை. இந்தத் தடவை அவனோடு கைதிகளாக இருந்த சிலர் நியூட்டனின் ஒற்றர்கள். அவன் வாய் தவறிச் சொன்னதெல்லாம் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தது.

1699 மார்ச் மாதம் வழக்கு நடந்தது. சாலனர் பைத்தியம் பிடித்தவன் போல நடித்துப் பார்த்தான். பலிக்கவில்லை. அக்காலச் சட்டப்படி இந்தக் குற்றத்துக்கு வக்கீல் வைத்து வாதாட உரிமை கிடையாது. சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஜூரிகள் குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

சாவு நெருங்கியதும் வீம்பெல்லாம் போயிற்று. உயிர்ப்பிச்சை கேட்டு நியூட்டனுக்கே கடிதம் எழுதினான் சாலனர். அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது. நியூட்டன் பதில் எழுதியதற்கு அடையாளம் இல்லை. அதே மாதம் டைபர்ன் என்ற இடத்தில் அவனைத் தூக்கில் போட்டார்கள்.

சாலனர் செய்தது சாமானியக் குற்றம் அல்ல. அவன் அடித்த ஒவ்வொரு காசும் யாரோ ஒரு உழைப்பாளியின் கையில்தான் செல்லாக்காசாகப் போய் நின்றது. ஆனாலும் ஒரு காசுக்கு ஓர் உயிர் என்ற சட்டம் கொடிய சட்டம். பிற்காலத்தில் இங்கிலாந்தே அதை நீக்கியது. முதுமையில் நியூட்டன் அந்த வாக்குமூலங்களைப் பெட்டி பெட்டியாக எரித்துவிட்டார். எரிக்க உதவியதாக அவருடைய உறவினர் ஒருவர் பின்னால் தெரிவித்திருக்கிறார். தப்பிய காகிதங்கள் மட்டும் லண்டன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

தராசையே சோதித்தவர்

1699 முடிவில் நியூட்டன் நாணயச்சாலையின் தலைவர் ஆனார். சாகும் வரை அப்பதவியில் இருந்தார்.

அவருக்கும் ஒரு சோதனை வந்தது. நாணயச்சாலையில் அடிக்கும் காசுகளில் சிலவற்றை எடுத்து ஒரு பெட்டியில் போட்டு வைப்பார்கள். பிறகு பொற்கொல்லர் சங்கத்தார் அவற்றை உருக்கி, மாதிரித் தங்கத் தகட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 1710-ல் நடந்த சோதனையில் நியூட்டனின் பொற்காசு மாற்றுக் குறைவு என்று தீர்ப்பாயிற்று.

கள்ளக் காசுக்காரர்களைத் தண்டித்தவருக்கே தலைகுனிவு! நியூட்டன் கோபத்தில் கத்திக்கொண்டிருக்கவில்லை. தாமே உலையில் உட்கார்ந்து சோதனை செய்தார். 1707-ல் செய்த அந்த மாதிரித் தகடு, இருக்க வேண்டியதைவிட அதிக மாற்றுள்ளதாக இருந்தது. தவறு காசில் இல்லை, உரைகல்லில்தான் என்று எடுத்துக்காட்டினார். அந்தத் தகட்டை ஒதுக்கிவிட்டு, பழைய தகட்டையே பிற்பாடு பயன்படுத்தினார்கள்.

1717-ல் அவர் எழுதிய அறிக்கையில் இந்தியாவும் வருகிறது. ஐரோப்பாவில் ஒரு பங்கு தங்கத்துக்குச் சுமார் 15 பங்கு வெள்ளி கொடுக்க வேண்டும். இந்தியாவில் 12 பங்கு கொடுத்தால் போதும். சீனாவில் அதைவிடவும் குறைவு. அதனால்தான் இங்கிலாந்தின் வெள்ளி கப்பல் கப்பலாகக் கிழக்கே போகிறது என்று அவர் விளக்கினார். அவர் யோசனைப்படி ஒரு கினிக்கு 21 ஷில்லிங் என்று விலை நிர்ணயம் ஆயிற்று.

இத்தனை சாமர்த்தியசாலியும் ஓரிடத்தில் ஏமாந்தார். 1720-ல் தென்கடல் கம்பெனியின் பங்குகளில் பணம் போட்டுப் பெருந்தொகையை இழந்தார். காசை எடை போடலாம், ஆசையை எடை போட முடியுமா?

1705-ல் ஆன் ராணி அவருக்கு சர் பட்டம் அளித்தார். 1727 மார்ச் மாதம் 84-ம் வயதில் நியூட்டன் காலமானார். அரசர்களும் பிரபுக்களும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

இன்றும் அதே சோதனை

நியூட்டன் காலத்துக் காசுகளை இன்று உலகெங்கும் சேகரிக்கிறார்கள். கிளை நாணயச்சாலையில் அடித்த காசுகளில் ராஜாவின் தலைக்குக் கீழே அந்த ஊரின் முதல் எழுத்து இருக்கும். பிரிஸ்டலுக்கு பி, செஸ்டருக்கு சி, எக்ஸிட்டருக்கு இ, நார்விச்சுக்கு என், யார்க்குக்கு ஒய். அரிய எழுத்து உள்ள காசுக்கு விலை அதிகம்.

விலை இருக்கும் இடத்துக்கு மோசடியும் வரும். சாதாரணக் காசில் எழுத்தைச் செதுக்குவது, ஆண்டைத் திருத்துவது, துளை விழுந்த காசை அடைத்து மெருகு போடுவது ஆகியவை பழங்காசு வியாபாரத்தில் நடக்கும் திருட்டுகள். திருத்திய எழுத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், அதைச் சுற்றி மட்டும் உலோகம் சுரண்டியிருப்பது தெரியும்.

மற்றப்படி சோதனை பழைய சோதனைதான். அக்காலத்துக் கினி சுமார் 8.4 கிராம் இருக்க வேண்டும். பெரிய வெள்ளிக் காசான கிரவுன் சுமார் 30 கிராம். தேய்ந்திருந்தால் சிறிது குறையலாம், கூடக் கூடாது. எடை பார்க்க வேண்டும். விளிம்பு பார்க்க வேண்டும். காந்தம் ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். காற்றில் ஓர் எடையும் தண்ணீரில் ஓர் எடையும் போட்டு, உலோகம் எது என்று அறிய வேண்டும்.

காலம் மாறியதால் திருடனும் கற்றுக்கொண்டான். தங்கத்துக்கு இணையான கனமுள்ள மலிவான உலோகம் நியூட்டன் காலத்தில் கிடையாது. இன்று டங்ஸ்டன் இருக்கிறது. அதன் மேல் தங்க முலாம் பூசினால் தராசும் ஏமாறும். அதனால் மின்சாரம் பாய்ச்சியும் எக்ஸ்ரே கதிர் கொண்டும் சோதிக்கும் கருவிகள் வந்துவிட்டன.

அன்று விளிம்பில் பொறித்த அந்த லத்தீன் எழுத்துகள், 1983-ல் வந்த இங்கிலாந்தின் வட்டமான ஒரு பவுன் காசில் மீண்டும் இடம் பெற்றன. அந்தக் காசிலும் கள்ளம் பெருகவே, 2017-ல் அதைப் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, பன்னிரண்டு மூலையுள்ள புதுக் காசை வெளியிட்டார்கள்.

பளபளப்பைக் கண்டு மயங்காமல், எடை போட்டுப் பார்த்து ஏற்றுக்கொள்வதே நியூட்டனின் வழி. காசுக்கு மட்டுமல்ல, கேட்கும் பேச்சுக்கும் அது பொருந்தும்.